பேச்சு தடுமாறும் பெரியவர்களின் விருப்பத்தைக் கேட்டறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதான ஒருவருக்குப் பேச்சு போய்விட்டாலோ குழறிவிட்டாலோ, சுற்றியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. அவரைப் பற்றி, அவர் முன்னாலேயே, வேறு யாரிடமோ பேசுவது. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். அவர் எங்கே படுக்க வேண்டும், யார் குளிப்பாட்ட வேண்டும், யார் வந்து பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் கட்டிலுக்கு மேலே நின்று நாங்களே பேசி முடித்தோம். பேச்சு சிகிச்சை கொடுக்க வந்தவர் ஒருநாள், "இதையெல்லாம் அவரிடம் கேட்டீர்களா?" என்றார். கேட்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. அதற்குப் பிறகு இதே நிலையில் உள்ள பல குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் கீழே உள்ளவை.

பேச்சே வராதவருக்கு எல்லாம் புரிகிறது என்று எப்படி நம்புவது?

பேச்சு எதனால் போனது என்பதைப் பொறுத்தது. மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம் தாக்கினால் பெரும்பாலும் மொழி அடிபடும். இதை அஃபேசியா என்பார்கள். பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. இதில் போவது மொழி, அறிவு போவதில்லை. பிள்ளைகள் யார், வீட்டில் என்ன நடக்கிறது, தனக்கு யார் மேல் கோபம் என்பதெல்லாம் உள்ளே அப்படியே இருக்கும். அதைச் சொல்லும் வார்த்தை மட்டும் அகப்படாது. சிலருக்குப் பேச்சு தடையில்லாமல் ஓடும், ஆனால் பொருள் கூடிவராது. நாம் பேசுவதும் அவர்களுக்குச் சரியாகப் பிடிபடாது. இவர்களைத்தான் 'புத்தி பேதலித்துவிட்டது' என்று சீக்கிரம் ஒதுக்கிவிடுகிறோம்.

பேச்சுக் குழறல் வேறு. அங்கே மொழி முழுதாக இருக்கும். நாக்கும் உதடும் தொண்டைத் தசைகளும் ஒத்துழைக்காது. பார்க்கின்சன் நோயில் குரல் மிகவும் தாழ்ந்துவிடும். ஆனால் பேசுபவருக்குத் தான் வழக்கம்போலப் பேசுவதாகவே இருக்கும். 'சத்தமாப் பேசுங்க' என்று சொன்னால் அவர் எரிச்சல்படுவதில் நியாயம் இருக்கிறது.

டிமென்ஷியா என்னும் மறதிநோயில் நினைவு, புரிதல், சொல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆனாலும் பிடித்தது பிடிக்காதது என்ற உணர்வு நெடுநாள் தங்கும். நேற்று யார் வந்தார்கள் என்று தெரியாதவருக்கு, இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பிடிக்கிறதா என்பது தெரியும்.

ஆகவே, புரிகிறது என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். அது தவறாக இருந்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. புரியாது என்று ஆரம்பித்து அது தவறாக இருந்தால், ஒரு மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தனியாக விட்டுவிடுகிறோம்.

உட்கார்ந்து பேசுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

காது, கண், வாய். காது மிஷினில் பேட்டரி இருக்கிறதா, சரியான காதில் மாட்டியிருக்கிறதா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா? கண்ணாடி துடைத்திருக்கிறதா? பல்செட் வாயில் இருக்கிறதா, டம்ளரில் இருக்கிறதா? 'அம்மா இப்போதெல்லாம் பதிலே சொல்வதில்லை' என்று ஒரு குடும்பம் வருத்தப்பட்டது. காது மிஷின் மேஜை டிராயரில் கிடந்தது.

வயதில் வரும் காது மந்தத்தில் உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். சத்தம் கேட்கும், சொற்கள் பிரிந்து கேட்காது. கத்தினால் அந்தக் குறை தீராது, ஒலி இன்னும் சிதையும். முகம் தெரியும்படி எதிரே உட்கார்ந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுமாறு பார்த்துக்கொண்டு, நிதானமாகப் பேசினால் போதும். டிவியை நிறுத்திவிடுங்கள், ஒலியைக் குறைத்தால் மட்டும் போதாது.

நேரமும் முக்கியம். மறதிநோய் உள்ளவர்கள் பலருக்குச் சாயங்காலம் குழப்பம் கூடும். பார்க்கின்சன் மருந்து எடுப்பவர்களுக்கு அது வேலை செய்யும் நேரம், செய்யாத நேரம் என்று உண்டு. முக்கியமானதைத் தெளிவான நேரத்தில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை ஓரளவு பேசியவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப்போனால் வயசுக் கோளாறு என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, மலச்சிக்கல், புது மருந்து என ஏதாவது ஒன்று அதற்குப் பின்னால் இருக்கலாம். அதே நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, சட்டென்று பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

கேள்வியை எப்படிக் கேட்பது?

நாம் கேட்கும் கேள்விகளில் பாதி ஒன்றுக்குள் ஒன்று புகுந்தவை. 'மாடி ரூம் காற்றோட்டமா இருக்கும், ஆனா படி ஏறணும், கீழே இருந்தா எல்லாரும் பக்கத்துல இருப்போம், உங்களுக்கு எது சரின்னு தோணுது?' இதில் நான்கு விஷயம் இருக்கிறது. நாலாவது வரும்போது முதலாவது போய்விடும்.

முதலில் எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொல்லுங்கள். "அப்பா, தூங்குற இடத்தைப் பத்திப் பேசணும்." அவர் கண் உங்களிடம் வரட்டும். அப்புறம் ஒன்றே ஒன்று கேளுங்கள். கேட்டதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கடினம். மனசுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். சிலருக்கு அதற்கு மேலும் வேண்டும். மூன்றாவது விநாடியில் கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்டால், பாதி வழி வந்த பதிலை நாமே கலைத்துவிடுகிறோம். அவர் புதுக் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

திறந்த கேள்வி தடுமாற வைத்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். கண்ணுக்கு முன்னால் பொருளைக் காட்டியே கேட்கலாம்: "இந்தச் சட்டையா, இந்தச் சட்டையா?" கடைசியில் சொன்னதையே திரும்பச் சொல்லும் வழக்கம் சிலருக்கு உண்டு. கொஞ்ச நேரம் கழித்து வரிசையை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் நீலச் சட்டை, இப்போதும் நீலச் சட்டை என்றால் அது அவருடைய தேர்வு. இரண்டு முறையும் எது கடைசியில் வந்ததோ அதைச் சொன்னால், அது எதிரொலி.

முக்கியமான வார்த்தைகளைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி முன்னால் வையுங்கள். அஃபேசியா உள்ளவர்களில் சிலருக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது எளிது. இடப்பக்க மூளை அடிபட்டவர்களுக்குச் சில நேரம் வலப்பக்கப் பார்வையும் போயிருக்கும். அந்தப் பக்கம் வைத்த சீட்டு அவர்களுக்கு இல்லாததுபோல. அதனால் சீட்டுகளைப் பக்கவாட்டில் வைக்காமல் மேலும் கீழுமாக அடுக்குவது நல்லது.

'ஆமா' என்கிறார். அதை நம்பலாமா?

நான் அதிகம் தவறு செய்தது இந்த இடத்தில்தான். அஃபேசியாவில் 'ஆமா', 'இல்லை' இரண்டும் வாயில் மாறிவிடுவது சாதாரணம். தலை ஆமாம் என்று ஆடும், வாய் இல்லை என்று சொல்லும். முந்திய கேள்விக்குச் சொன்ன பதில் அடுத்த கேள்விக்கும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. மறதிநோய் உள்ளவர்கள் கேள்வி பிடிபடாதபோது மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். தங்களைப் பார்த்துக்கொள்பவரிடம் மறுத்துப் பேசத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் பதில் தெரிந்த கேள்விகளை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் பரீட்சைபோல ஆகிவிடக் கூடாது. "அப்பா, உங்க பதிலை நான் சரியா எடுத்துக்கிறேனான்னு பார்க்கணும், ஒண்ணு ரெண்டு கேட்கட்டுமா?" என்று காரணத்தைச் சொல்லிவிட்டு, அவர் பெயரைத் தப்பாகச் சொல்லி ஒருமுறை, சரியாகச் சொல்லி ஒருமுறை கேளுங்கள். எந்தச் சைகை நிலையாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். சிலருக்குக் கட்டைவிரல், சிலருக்குக் கண் சிமிட்டல், சிலருக்கு 'ஆம்', 'இல்லை' என்று எழுதிய இரண்டு சீட்டு.

அடுத்தது, முக்கியமான எதையும் திருப்பிக் கேட்பது. "இங்கேயே இருக்க இஷ்டமா?" என்றதற்கு ஆமா. சற்றுப் பொறுத்து, "வேறு இடத்துக்குப் போக இஷ்டமா?" அதற்கும் ஆமா என்றால் நமக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. இதை அவர் குழப்பம் என்று எழுதிவிடாமல், கேட்கும் விதத்தை மாற்றுங்கள்.

ஆமா, இல்லை இரண்டோடு 'தெரியலை', 'நீ சொல்றது எதுவும் இல்லை, வேற' என்று இன்னும் இரண்டு சீட்டும் வேண்டும். நாங்கள் இந்த நாலாவது சீட்டை வைத்த அன்று அப்பா அதையே ஆறு முறை தட்டினார். அதுவரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள் எதுவும் அவருடைய கவலையைத் தொடவே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. அவருக்குப் படுக்கும் இடம் பிரச்சினையாக இல்லை. இரவில் கதவைச் சாத்துவதுதான் பிடிக்கவில்லை.

படம் காட்டிக் கேட்பது சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இல்லையா?

படத்தில் தவறில்லை, கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. கார்ட்டூன் படங்களை நீட்டி, செல்லக் குரலில் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். பெரியவர்களின் வாழ்க்கையில் உள்ள விஷயங்களின் தெளிவான படங்களை, "பேச்சு வர நேரமாகுது, இது உதவுமான்னு பார்க்கலாமா?" என்று கேட்டு முன்னால் வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் 1990-களின் பிற்பகுதியில் பேச்சு சிகிச்சையாளர்கள் 'டாக்கிங் மேட்ஸ்' என்ற முறையை உருவாக்கினார்கள். ஒரு பாய்விரிப்பு. மேலே மூன்று அடையாளம்: பிடிக்கிறது, இரண்டுங்கெட்டான், பிடிக்கவில்லை. பேச வேண்டிய பொருள் ஒன்று கீழே. அதற்குள் அடங்கும் விஷயங்களின் படங்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதை எந்த அடையாளத்தின் கீழ் வைக்க வேண்டுமோ அங்கே வைப்பார். கடைசியில் முழுப் பாயையும் பார்த்து, "இது சரியா, எதையாவது மாற்றணுமா?" என்று கேட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மறதிநோய் உள்ளவர்களிடம் செய்த ஆய்வில், வழக்கமான உரையாடலைவிட இம்முறையில் அவர்கள் விஷயத்தை விட்டு விலகாமல் கருத்துச் சொன்னது தெரியவந்தது.

இதற்கென்று எதையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு துண்டும், மொபைலில் எடுத்துப் பிரிண்ட் போட்ட படங்களும் போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நீங்கள் எடுத்து வைக்காத படத்தைப் பற்றி அவர் கருத்துச் சொல்ல முடியாது. ஒரு வெற்றுச் சீட்டையும் எப்போதும் சேர்த்து வையுங்கள்.

எழுத்துப் பலகை தமிழில் பயன்படுமா?

247 எழுத்தையும் ஒரே அட்டையில் எழுதினால் தேடியே களைத்துப்போவார். 12 உயிரும் 18 மெய்யும் போதும். குறில் நெடிலை நாமே ஊகித்துக் கேட்கலாம். கையை நீட்ட முடியாதவருக்கு நாம் வரிசை வரிசையாகக் கேட்டு வர, அவர் சரியான இடத்தில் கண்ணால் நிறுத்துவார். உடல் முழுதும் செயலற்று, கண்ணை மேலும் கீழும் அசைப்பது மட்டும் மிஞ்சியிருப்பவர்கள்கூட இப்படிப் பேசுகிறார்கள். எழுத்துக்குப் போகும் முன் தலைப்பைக் கேட்டுவிடுங்கள்: உடம்பா, ஆளா, இடமா, பணமா? பாதி நேரம் எழுத்தே தேவைப்படாது.

அவர் வார்த்தையைத் தேடும்போது எடுத்துக் கொடுக்கலாமா?

கொடுக்கலாமா என்று அவரிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள். சிலருக்கு அது உதவி, சிலருக்கு அவமானம். கேட்காமல் கொடுப்பதாக இருந்தால் முதலில் பொறுங்கள், அப்புறம் ஒரே ஒரு வார்த்தை, அதுவும் கேள்வியாக.

புரியாமலே புரிந்ததுபோலத் தலையாட்டுகிறேன். மனசு நோகக்கூடாதே?

அவருக்குத் தெரிந்துவிடும். "எனக்கு இன்னும் பிடிபடலை. முக்கியமான விஷயம்னு தெரியுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்று சொல்லி, சொன்னபடி திரும்ப வாருங்கள். கனடாவின் டொரன்டோவில் உள்ள அஃபேசியா நிலையம் குடும்பத்தாருக்கும் தொண்டர்களுக்கும் கொடுக்கும் பயிற்சியில் முதல் படியே இதுதான்: 'உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்' என்பதை வாய்விட்டுச் சொல்வது. அந்த ஒரு வாக்கியத்துக்கு முகத்தில் வரும் தளர்ச்சியைப் பார்த்திருக்கிறேன்.

வாயில் கெட்ட வார்த்தை மட்டும் சரளமாக வருகிறதே?

வரும். எண்களை வரிசையாகச் சொல்வது, பாட்டு, பிரார்த்தனை, திட்டு எல்லாம் யோசிக்காமல் வருபவை. மற்ற பேச்சு போன பின்னும் இவை மிஞ்சும். அந்தத் திட்டு உங்களைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே நேரத்தில், எப்போது அது வருகிறது என்று பாருங்கள். குளிக்க அழைத்துப் போகும்போது மட்டும் வந்தால் அதில் ஒரு செய்தி இருக்கிறது.

முகத்தைப் படிப்பதிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்குக் காரணமில்லாமல் அழுகையோ சிரிப்போ பீறிட்டு வரும். மனதில் அந்த உணர்வு இருக்காது. பார்க்கின்சனில் முகத் தசைகள் இறுகி முகம் அசைவற்று இருக்கும். உள்ளே ஆர்வம் நிறைய இருக்கும். முகத்தை மட்டும் பார்த்து 'அவருக்கு இஷ்டமில்லை' என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும்.

முன்பு இரண்டு மொழி பேசினார், இப்போது ஒன்றுதான் வருகிறது. ஏன்?

மறதிநோயில் பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவுவது அடிக்கடி நடக்கிறது. அஃபேசியாவில் எந்த மொழி முதலில் திரும்பும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தினமும் புழங்கிய மொழி வரலாம், குழந்தையில் பேசிய மொழி வரலாம். பார்த்துக்கொள்பவர் பேசும் மொழியில் பதில் வராததால் 'பேச மாட்டார்' என்று எழுதப்பட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர் முதல் மொழியில், அவர் ஊர்ப் பேச்சு வழக்கில் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள். மரியாதைச் சொல்லையும் விட்டுவிடாதீர்கள். வாழ்நாள் முழுதும் 'நீங்க' என்று கேட்டவரை உடம்பு முடியாததும் 'நீ', 'வா', 'சாப்பிடு' என்று பிள்ளைக் குரலில் அழைத்தால் உள்ளே சுருங்கிப்போவார். மறதிநோய் உள்ளவர்களிடம் அப்படிக் கொஞ்சிப் பேசும்போது அவர்கள் பராமரிப்பை எதிர்ப்பது கூடுவதை ஆய்வுகளும் கண்டிருக்கின்றன.

மறதிநோய் உள்ள அம்மா இன்று ஒன்று சொல்கிறார், நாளை வேறு. எதை எடுப்பது?

நாமும் மனம் மாறுகிறோம்; நம்மை யாரும் கேட்பதில்லை. ஒரே கேள்வியை வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில், முடிந்தால் வெவ்வேறு ஆள் கேட்டு, தேதி போட்டு அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். உங்கள் சொல்லில் சுருக்காதீர்கள். 'தனியாக இருப்பதை விரும்பவில்லை' என்று நான் எழுதியது, அம்மா சொன்ன 'அந்த ஜன்னல்ல யாரும் வரதில்ல' என்பதற்கு ஈடாகாது. பத்து நாள் குறிப்பைச் சேர்த்துப் படித்தால் மாறாத ஒன்று தெரியும்.

'வீட்டுக்குப் போகணும்' என்று வீட்டிலேயே இருந்துகொண்டு கேட்பவர்கள் நிறைய. 'இதுதானே வீடு' என்று திருத்தினால் பேச்சு அங்கேயே முறியும். "வீட்டுல யார் இருக்காங்க? என்ன செய்யணும் அங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். சிலருக்கு அது இறந்துபோன தாய். சிலருக்குக் குளிர், அல்லது சிறுநீர் கழிக்க வேண்டும். சிலருக்கு இங்கே தன்னால் ஒரு வேலையும் ஆவதில்லை என்ற தவிப்பு. கேட்டது இடம் அல்ல என்பது அப்போது விளங்கும்.

ஒரு சொல்லும் இல்லை, சைகையும் இல்லை. அப்போது?

உடம்பு பேசும். ஊட்டும்போது வாயை இறுக்குவது, ஒரு ஆள் தொட்டால் கையை இழுத்துக்கொள்வது, ஒரு குரல் கேட்டால் மூச்சு சீராவது. இவற்றை 'அடம்' என்று எழுதாமல் பதில் என்று எழுதுங்கள். முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்ல முடியாதவர்களின் வலியை அளக்க அளவுகோல்கள் உண்டு. 2003-இல் வெளிவந்த பெயினாட் என்பது மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 10-க்கு மதிப்பெண் இடுகிறது. தினமும் பார்த்துக்கொள்பவருக்கு இதைக் கற்றுக்கொள்வது கடினமல்ல.

ஒரே செயலை இரண்டு விதமாகச் செய்து பாருங்கள். வெந்நீரில் குளியல், ஈரத்துணியால் துடைப்பது. கூட்டத்தில் உட்காருவது, ஜன்னலோரம் உட்காருவது. எதில் உடம்பு தளர்கிறது என்று இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் பார்த்தால் தன் ஆசையையே அவர் முகத்தில் படித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

நான் அவர் கையைப் பிடித்து எழுத்தைக் காட்ட உதவலாமா?

வேண்டாம். கையைத் தாங்கிப் பிடித்து எழுத வைக்கும் முறை ஒன்று 1990-களில் பல நாடுகளில் பரவியது. உதவியாளருக்கு ஒரு படமும் நோயாளிக்கு வேறு படமும் காட்டிச் சோதித்தபோது, உதவியாளர் பார்த்ததுதான் எழுத்தில் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் கைதான் நகர்த்துகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அன்பு உள்ள இடத்தில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கும். பலகையை வேண்டுமானால் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் கையைப் பிடிக்காதீர்கள். கை தூக்க முடியாவிட்டால் கண்ணால் காட்டும் வழிக்குப் போகலாம்.

மருத்துவர் என்னிடம்தான் கேட்கிறார். நான் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேட்டால் நீங்கள் அம்மாவைப் பாருங்கள். மருத்துவரின் கண்ணும் தானாக அங்கே திரும்பும். "அம்மாவுக்குப் புரியும், பதில் வர நேரமாகும், முதல்ல அவங்களையே கேளுங்க, நான் அப்புறம் சேர்க்கிறேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். முந்தின நாளே அம்மா கேட்க விரும்பும் இரண்டு கேள்வியை அவரோடு சேர்ந்து எழுதி எடுத்துப்போங்கள். அவருடைய பேச்சை நீங்கள் எடுத்துச் சொல்லும்போது எது அவர் சொன்னது, எது உங்கள் ஊகம் என்று பிரித்துச் சொல்லுங்கள். "அவங்க 'மாத்திரை, தலை' என்றாங்க. மாத்திரையால தலை சுத்துதுன்னு நான் நினைக்கிறேன்." அப்புறம் அவரிடம் திரும்பி, "அதுதானே அம்மா?"

வீடு, பணம், சிகிச்சை போன்ற பெரிய முடிவுகளிலும் அவரைக் கேட்க வேண்டுமா?

அங்கேதான் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, சட்டத்தின் முன் எல்லாரையும்போல முடிவெடுக்கும் தகுதி அவர்களுக்கும் உண்டு என்றும், அதற்குத் தேவையான உதவியை அரசுகள் தர வேண்டும் என்றும் சொல்கிறது. 21-ஆவது பிரிவு தங்களுக்கு ஏற்ற எந்த வழியிலும் கருத்தை வெளியிடும் உரிமையைச் சொல்கிறது. எவ்வளவு முயன்றும் ஒருவரின் விருப்பம் தெரியவராதபோது, 'அவருக்கு எது நல்லது' என்று மற்றவர்கள் முடிவு கட்டுவதற்குப் பதிலாக, 'அவர் எதை விரும்பியிருப்பார்' என்பதை முடிந்தவரை கண்டறிய வேண்டும் என்று அந்த உடன்படிக்கையின் குழு 2014-இல் விளக்கியது.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது: உதவ நடைமுறையில் முடிந்த எல்லா முயற்சியும் செய்து பார்த்துத் தோற்ற பிறகே, ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று கருதலாம். விவரத்தைக் கொஞ்ச நேரம் மட்டுமே நினைவில் வைத்திருக்க முடிகிறது என்பதற்காகவும் தகுதி இல்லை என்று ஒதுக்க முடியாது.

பணமும் சொத்தும் வரும்போது, அதில் லாபம் உள்ள யாரும் கேட்பவராகவும் மொழிபெயர்ப்பவராகவும் இருக்கக் கூடாது. என் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனாலும் ஒரு பேச்சு சிகிச்சையாளரோ வழக்கறிஞரோ அவரைத் தனியாகச் சந்திக்க விடுங்கள். பயந்துகொண்டு சொன்ன ஆமாவும் மனதாரச் சொன்ன ஆமாவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அவர் கேட்பது எங்களால் முடியாதது என்றால்? கேட்டுவிட்டு மறுப்பது இன்னும் கொடுமை அல்லவா?

கேட்காமலே மறுப்பதைவிட இல்லை. முடியாது என்பதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள், அதில் எந்தப் பகுதி முடியும் என்று சேர்ந்து பாருங்கள். தனியாக வசிக்க விடமுடியாமல் இருக்கலாம். ஆனால் தன் அறைக்குச் சாவி, தன் கட்டிலின் திசை, யார் கதவைத் தட்டாமல் வரக்கூடாது என்பதெல்லாம் முடியும். உங்களுக்குப் புத்திசாலித்தனமாகப் படாத விருப்பம் என்பதற்காக அது விருப்பம் இல்லை என்று ஆகிவிடாது. வருத்தத்தோடு ஏற்றுக்கொள்ள வேண்டிய விருப்பங்களும் வரும்.

முதியோர் இல்லத்தில் கருத்துக்கேட்புப் படிவம் கொடுக்கிறோம். பேச முடியாதவர்களை என்ன செய்வது?

படிவத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அதில் கிடைப்பது பிள்ளைகளின் கருத்து. 'திருப்திதானா?' என்று பராமரிப்பவரே நின்று கேட்டால் கிடைப்பது நன்றி. பராமரிப்பில் இல்லாத ஒருவர், ஒரு நேரத்தில் ஒரு பொருளைப் பற்றி, படங்களோடு உட்காரட்டும். கூட்டமாகப் பேசும்போது மெதுவாகப் பேசுபவரை முதலில் பேச விடுங்கள். அவர் சொன்னதால் என்ன மாறியது என்பதை அவரிடம் வந்து காட்டுங்கள். ஒன்றும் மாறாவிட்டால் அடுத்த முறை அவர் படத்தைத் தொடமாட்டார்.

நோய் முற்றிக்கொண்டே போகும் என்கிறார்கள். இப்போதே என்ன செய்யலாம்?

பேச்சு இருக்கும்போதே அவர் குரலையும், அவர் வழக்கமாகச் சொல்லும் சொற்றொடர்களையும் பதிவு செய்துகொள்ளலாம். நரம்புத் தசை நோய்களில் பின்னால் கருவி வழியாகப் பேச இது உதவும். ஒரு நோட்டில் அவருடைய பிடித்தங்கள், பயங்கள், யாரை நம்புகிறார், வலித்தால் என்ன செய்வார் என்பவற்றை அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கச் சட்டம் இடம் தந்தால் அதையும் செய்யுங்கள்.

பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டால் இனி பேச்சில் முன்னேற்றம் இல்லையாமே?

வேகமான முன்னேற்றம் முதல் மாதங்களில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஆண்டுகள் கழித்தும் சிகிச்சையாலும் பழக்கத்தாலும் முன்னேறியவர்கள் இருக்கிறார்கள். பார்க்கின்சனில் குரலுக்கென்றே தனிப் பயிற்சிகள் உண்டு. அவர் பேச்சு முன்னேறாவிட்டாலும் கேட்பவரின் பழக்கம் முன்னேறலாம். மேலே சொன்ன டொரன்டோ நிலையத்தின் பயிற்சியைப் பற்றி 2001-இல் வெளியான ஆய்வில் பயிற்சி பெற்றவர்கள் தொண்டர்கள்தான். அவர்கள் மாறியதும் அஃபேசியா உள்ளவர்களின் உரையாடலும் மேம்பட்டது.

வேலை, பிள்ளைகள், வீடு. இதற்கெல்லாம் நேரம் எங்கே?

உண்மையான கஷ்டம் இது. நாள் முழுதும் வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் என்று வைத்திருந்தோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி. வேறு யாரும் அறைக்குள் வரமாட்டார்கள், போன் வெளியே. முதல் வாரம் அப்பா எதுவும் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நான் உட்காரும் முன்பே அந்த நாலாவது சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.